புத்தகசாலையே அரங்கமாகிய கதை

நூல் ஒன்று அச்சேறி வெளிவந்த அளவிலேயே அது உலகிற் பிறந்துவிட்டதாகாது. அதனை ஒருவர் கையிலெடுத்து, நாலு பேர் கேட்கப் படித்து, அதன் நன்று தீது ஆராய்ந்து பேசும்போதுதான் அது உயிர் பெறுகின்றது. இவ்வுண்மையை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். புலவர் ஒருவர் இயற்றிய நூல் கற்றோர் அவையிலே அரங்கேறிய பின்னரே மதிப்புப் பெற்றது. யாழ்ப்பாணத்துக் கோயில்களிலே புராணபடனம் நிகழுங்கால், ஒருவர் செய்யுளை இசையோடு வாசிக்க, மற்றொருவர் அதற்குப் பயன் சொல்ல, ஏடு தொட்டறியாத முதியோரும் கந்தபுராணத்தைக் காதாற் கற்று வந்தனர்.

அச்சியந்திரம் வந்து, புத்தகம் கடைச் சரக்காகிய பின்னர் இவ்வழக்கம் எங்கே ஒதுங்கிற்று? மேனாடுகளில் அதற்குப் புகலிடம் அளித்தவை பெரிய மண்டபங்களல்ல, சின்னஞ்சிறு புத்தகசாலைகளே. இன்று பாரிஸ், இலண்டன், நியூ யோர்க் முதலிய நகரங்களிலே, பெருங் கம்பனி எதனையுஞ் சாராது தனித்து நின்று கலை நூல்களையும் இலக்கிய நூல்களையும் விற்கும் கடைகள் பல உள. அவற்றிலே பகற்பொழுதில் விற்பனை நடைபெறும். மாலையானதும் மேசைகள் சுவரோரமாக நகர்த்தப்படும். மடக்கு நாற்காலிகள் விரிக்கப்படும். நூல் வெளியீடோ, கவிதை வாசிப்போ, குறும்படக் காட்சியோ, சிறு நாடகமோ அங்கே நிகழும். இம்மரபுக்கு உரமிட்டு வளர்த்தவர்களுள் முதன்மையானவர்கள், பாரிஸ் நகரத்து ஒடேயோன் வீதியிலே எதிரெதிரே கடை வைத்திருந்த இரண்டு பெண்மணிகளாவர். அவர்கள் வரலாறு இனிமையும் துயரமும் கலந்தது. மாணவர்களும் பெற்றோரும் அறியத்தக்கது.

தந்தையின் காயமும் மகளின் கடையும்

முதலாமவர் பெயர் அட்ரியென் மொனியே. 1892 ஆம் ஆண்டிற் பிறந்தவர். இவருடைய தந்தை தபால் வண்டியிலே கடிதங்களை வகைப்படுத்தும் உத்தியோகத்தர். ஒருநாள் நிகழ்ந்த புகையிரத விபத்திலே அவர் பெருங் காயமுற்றார். அதற்கு நட்டஈடாகப் பத்தாயிரம் பிராங் கிடைத்தது. ஏழைக் குடும்பம் ஒன்றுக்கு அது பெருந்தொகை. அதனைத் தம் முதுமைக்கென முடிந்து வையாது, மகள் புத்தகக் கடை தொடங்குவதற்கென முழுவதையும் கொடுத்துவிட்டார் அந்தத் தந்தை. ‘பெண்பிள்ளைக்குக் கடை எதற்கு?’ என்று அவர் வினவவில்லை. உலக இலக்கிய வரலாற்றிலே இடம்பெற்ற ஒரு நிலையத்திற்கு அத்திவாரமானது ஒரு தபால் ஊழியரின் உடற்காயமேயாம்.

1915 ஆம் ஆண்டு நவம்பர் மாதம், முதலாம் உலகப் போரின் நடுவே, ஒடேயோன் வீதி 7 ஆம் இலக்கத்திலே அந்தக் கடை திறக்கப்பட்டது. ‘நூல்களின் நண்பர் இல்லம்’ என்று பொருள்படும் பெயரை அதற்குச் சூட்டினார் மொனியே. அப்போது அவருக்கு வயது 23.

பெயருக்கேற்ப அது வெறுங் கடையாக இருக்கவில்லை. சந்தா செலுத்தியவர்கள் நூல்களை இரவலாக எடுத்துச் செல்லலாம். வாசித்துப் பாராத நூலை ஒருவர் எவ்வாறு விரும்பி வாங்குவார் என்பது மொனியேயின் எண்ணம். முதலில் வாசிப்பு, பின்பு நட்பு, அதன்பின்பே விற்பனை என்னும் இம்முறையினாலே கடைக்கு வந்தவர்கள் வாடிக்கையாளர்களாக மட்டும் நில்லாது ஒரு குடும்பத்தவர்போல் ஆயினர். எழுத்தாளர் தம் புதிய படைப்பை அங்கே வாசித்தனர். வாசகர் அவர்களை நேரிற் கண்டு உரையாடினர்.

அலுமாரிகளின் நடுவே சோக்கிரதர்

அக்கடையிலே நிகழ்ந்த நிகழ்ச்சிகளுள் இசையுலகம் இன்றும் நினைவு கூர்வது ஒன்று. 1919 ஆம் ஆண்டு மார்ச் மாதம் 21 ஆந் திகதி, எரிக் சாட்டி என்னும் பிரெஞ்சு இசைப்புலவர் தமது ‘சோக்கிரட்’ என்னும் இசை நாடகத்தை அங்கே அளித்தார். பிளேட்டோவின் உரையாடல்களிலிருந்து எடுத்த பகுதிகளுக்கு அவர் இசையமைத்திருந்தார். சோக்கிரதர் நஞ்சருந்தி உயிர் நீத்த காட்சியே அதன் இறுதிப் பகுதி. சுசான் பல்கெரி என்னும் பாடகி பாட, சாட்டி தாமே பியானோ வாசித்தார்.

ஆடம்பரமற்ற இசை அது. ஆரவாரமின்றி, மெலிந்த நீரோடைபோலச் செல்வது. பெரிய அரங்கின் விளக்குகளும் பட்டுத் திரைகளும் அதற்குப் பொருந்தா. நாற்புறமும் நூல்கள் நிறைந்த அறையிலே, பாடுவோரின் மூச்சும் கேட்கும் அணுக்கத்திலே கேட்பதற்கே அது உரியது. சிறிய இடத்துக்கெனச் சில கலைகள் உண்டு என்பதற்கு இது நல்ல உதாரணம் அன்றோ?

சலவைச்சாலை புத்தகசாலையானது

இரண்டாமவர் சில்வியா பீச். 1887 இல் அமெரிக்காவிலுள்ள போல்ற்றிமோர் நகரில் ஒரு பாதிரியாரின் மகளாகப் பிறந்தவர். பிரெஞ்சு இலக்கியம் பயிலப் பாரிசுக்கு வந்தவர், மொனியேயின் கடையைக் கண்டு மனம் பறிகொடுத்தார். அவ்வாறே ஆங்கில நூல்களுக்கும் ஒரு கடை வேண்டும் என்னும் ஆசை அவருள் எழுந்தது. அமெரிக்காவிலிருந்த தாயாருக்குத் தந்தி அடித்தார். தாயார் தம் சேமிப்பிலிருந்து மூவாயிரம் டொலர் அனுப்பி வைத்தார். ஒரு கடையைத் தந்தையின் நட்டஈடு திறந்தது. மற்றதைத் தாயின் சேமிப்புத் திறந்தது.

முன்பு சலவைச்சாலையாக இருந்த ஓர் இடத்திலே, 1919 நவம்பரில், ‘ஷேக்ஸ்பியர் அண்ட் கொம்பனி’ தொடங்கியது. 1921 இல் அது ஒடேயோன் வீதி 12 ஆம் இலக்கத்துக்கு, மொனியேயின் கடைக்கு எதிர்ப்புறமாக, இடம் மாறியது. இங்கும் இரவல் முறை உண்டு. அவ்வாண்டின் இறுதியிலே ஓர் இளைஞர் உள்ளே வந்தார். வைப்புப் பணங் கட்டக் கையிற் காசில்லை. முடிந்தபோது கட்டலாம் என்று கூறி, விரும்பிய நூல்களை எடுத்துச் செல்ல விட்டார் பீச். அவ்விளைஞரே பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்ற ஏர்ணஸ்ற் ஹெமிங்வே. இரவல் பெற்றோரின் அட்டைகள் பல இன்றும் அமெரிக்காவின் பிரின்ஸ்ரன் பல்கலைக்கழகத்திலே பேணப்படுகின்றன. எழுத்தாளர் பெரியவராவதன் முன் எவ்வெந் நூல்களைப் படித்தார் என்பதை ஆராய்வோர்க்கு அவை பெருநிதியாகும்.

ஒரு நூலின் பிறந்தநாள்

அக்காலத்திலே ஜேம்ஸ் ஜொய்ஸ் என்னும் அயர்லாந்து எழுத்தாளர், ‘யுலிசிஸ்’ என்ற பெருநாவலை எழுதிக்கொண்டிருந்தார். அதன் பகுதிகளை வெளியிட்ட அமெரிக்கச் சஞ்சிகையின் ஆசிரியைகள் இருவர் மீதும், ஆபாசமென்று வழக்குத் தொடரப்பட்டு, 1921 இல் அபராதம் விதிக்கப்பட்டது. இனி எந்தப் பதிப்பாளரும் தொடமாட்டார் என்று ஜொய்ஸ் மனமுடைந்தபோது, “அந்தப் பெருமையை எங்கள் கடைக்குத் தருவீர்களா?” என்னும் கருத்தமைய வினவினார் பீச். அதுவரை அவர் ஒரு நூலையும் பதிப்பித்தறியார்.

முன்பணஞ் செலுத்துவோரைத் திரட்டும் பணி தொடங்கியது. அந்திரே ஜீத் தாமே கடைக்கு வந்து பெயர் பதிந்தார். பேர்னாட் ஷா மறுத்துக் கடிதம் எழுதினார். இடையூறுகளோ பல. கையெழுத்துப் படியைத் தட்டெழுத்தில் அடித்த ஒரு மாதின் கணவர், அதிலே கண்டவற்றைப் பொறாது சில பக்கங்களை நெருப்பிலிட்டுவிட்டார். ஜொய்ஸோ, அச்சுப்படி திருத்த வந்தபோதெல்லாம் ஓரங்களிலே புதிது புதிதாக எழுதிச் சேர்த்தார். செலவு ஏறியது, பீச் தடை சொல்லவில்லை.

நூல் வெளிவருமுன்னரே அதனை அறிமுகஞ் செய்யும் கூட்டம், 1921 டிசம்பர் 7 ஆந் திகதி மொனியேயின் கடையிலே கூடியது. ஏறத்தாழ 250 பேர் அச்சிறு அறையில் நெருக்கியடித்து நின்றனர். வலெரி லார்போ என்னும் பிரெஞ்சு எழுத்தாளர் நூலின் அமைப்பை விளக்கிப் பேசினார். பிரெஞ்சு மொழிபெயர்ப்பிலும் ஆங்கில மூலத்திலும் சில பகுதிகள் வாசிக்கப்பட்டன. சில இடங்கள் துணிகரமானவை என்று கேட்போர்க்கு முன்னறிவித்தலும் கொடுக்கப்பட்டிருந்தது. ஒருவர் வாசிக்க ஒருவர் பயன் சொல்லும் நம் புராணபடனத்தை இது நினைவூட்டவில்லையா? ஆசிரியராகிய ஜொய்ஸ் கூச்சத்தினால் ஒரு திரை மறைவில் இருந்தார். முடிவிலே லார்போ அவரைச் சபைமுன் அழைத்து வந்தார். அன்றைய வருமானம் ஜொய்ஸின் குடும்பச் செலவுக்கு வழங்கப்பட்டது.

1922 பெப்ரவரி 2 ஆந் திகதி ஜொய்ஸின் நாற்பதாவது பிறந்தநாள். அன்றே நூலைக் கையிலேந்த வேண்டும் என்பது அவர் விருப்பம். டிஜோன் நகரிலிருந்த அச்சகத்தார் முதலிரண்டு பிரதிகளைப் புகையிரதக் காவலர் கையிற் கொடுத்தனுப்பினர். விடியற்காலையிலே பீச் புகையிரத நிலையத்துக்குச் சென்று காத்து நின்று அவற்றைப் பெற்றார். ஒன்று ஜொய்ஸின் வீட்டுக்குச் சென்றது; மற்றது கடைக் கண்ணாடிக்குள் வைக்கப்பட்டது. கிரேக்கக் கொடியின் நீல நிறத்திலே, வெள்ளை எழுத்துக்களோடு அமைந்த அட்டை. பதிப்பித்தவை ஆயிரம் பிரதிகளே. மாலையும் மேளமும் மேடையும் இல்லாத வெளியீட்டு விழா அது. ஆயினும் இருபதாம் நூற்றாண்டின் இலக்கியத்தில் அதனினும் பெரிய வெளியீட்டு விழா வேறுண்டோ என்று ஐயுறலாம்.

செலவை ஏற்றவர் யார்?

கலைத்தொண்டின் கணக்கேட்டிலே வரவு ஒரு பக்கம், செலவு மறு பக்கம். 1925 இல் மொனியே தொடங்கிய ‘வெள்ளிக் கப்பல்’ என்னும் சஞ்சிகை 12 இதழ்களுடன் நின்றது. கடனைத் தீர்க்கத் தாம் உயிர்போற் காத்த சொந்த நூல்களை ஏலத்தில் விற்றார் அவர். பீச்சின் நிலையும் இதுவே. பதினொரு முறை ‘யுலிசிஸ்’ நூலை அச்சிட்டு, அதன் ஆசிரியரையும் தாங்கினார். 1933 டிசம்பரில் அமெரிக்க நீதிமன்றம் தடையை நீக்கியது. மறு ஆண்டு அமெரிக்கப் பெருநிறுவனம் ஒன்று அதனை வெளியிட்டது. ஆயினும் அப்பதிப்பினால் பீச்சுக்குக் கிடைத்தது ஒன்றுமில்லை. மரம் வைத்தவர் ஒருவர், கனியுண்டவர் வேறொருவர்.

பொருளாதார மந்தத்தினால் அமெரிக்கர்கள் பாரிசை விட்டுச் செல்ல, கடையை மூடிவிடும் நிலை நேர்ந்தது. அப்போது ஜீத் முதலிய எழுத்தாளர்கள் கூடி, ‘ஷேக்ஸ்பியர் அண்ட் கொம்பனியின் நண்பர்கள்’ என்ற சங்கத்தை அமைத்தனர். ஆண்டுச் சந்தா 200 பிராங். அதற்கு ஈடாக, கடைக்குள் நடைபெறும் வாசிப்புக் கூட்டங்களுக்கு வரும் உரிமை உறுப்பினர்க்குக் கிடைத்தது. 1936 இல் ஜீத்தும் ரி. எஸ். எலியற்றும், 1937 இல் ஹெமிங்வேயும் ஸ்ரீபன் ஸ்பென்டரும் அங்கே வாசித்தனர். அதற்கு அவர்கள் ஊதியம் பெறவில்லை. முன்பு கடை எழுத்தாளரைக் காத்தது. பின்பு எழுத்தாளர் கடையைக் காத்தனர்.

ஜெர்மானியர் பாரிசைக் கைப்பற்றியபின், 1941 டிசம்பரில், ஓர் இராணுவ அதிகாரி கடைக்கு வந்து, கண்ணாடிக்குள் இருந்த ஜொய்ஸின் கடைசி நாவலைக் கேட்டான். இருப்பது ஒரே பிரதி, அது விற்பனைக்கன்று என்றார் பீச். கடையிலுள்ள அனைத்தையும் பறிமுதல் செய்வேன் என்று அவன் மிரட்டிச் சென்றான். நண்பர்கள் ஓடி வந்தனர். சில மணி நேரத்திலே நூல்கள், படங்கள், விளக்குகள் யாவும் அதே கட்டிடத்தின் மேல்மாடிக்குச் சென்றன. பலகை அலுமாரிகளும் கழற்றப்பட்டன. வாயிலிலிருந்த பெயரின்மேல் வர்ணம் பூசப்பட்டது. திரும்பி வந்தால் பறிப்பதற்கு அங்கே கடையே இல்லை! நூல்கள் தப்பின, பீச் தப்பவில்லை. மறு ஆண்டு அவர் தடுப்பு முகாமில் அடைக்கப்பட்டார். விடுதலையான பின்னரும் அக்கடை மீளத் திறக்கப்படவில்லை. மொனியே 1955 இலும் பீச் 1962 இலும் காலமாயினர்.

எனினும் பெயர் மறையவில்லை. ஜோர்ஜ் விற்மன் என்னும் அமெரிக்கர் 1951 இல் செயின் நதிக்கரையிலே வேறொரு கடையைத் திறந்து, 1964 இல் அதற்கு இப்பழைய பெயரைச் சூட்டினார். வழிப்போக்கரான இளம் எழுத்தாளர்கள் கடையிலே சிறு வேலை செய்து, புத்தகங்களிடையே படுத்துறங்க அவர் இடங் கொடுத்தார். 2020 இல் கொள்ளைநோயினால் வியாபாரம் வீழ்ந்தபோது, கடையினர் வாசகரிடம் உதவி வேண்ட, பல நாடுகளிலிருந்தும் நூற்கட்டளைகள் வந்து குவிந்தன.

நிலவறையிலே திரைப்படம்

இலண்டனிலும் இதனையொத்த கதை ஒன்று உண்டு. சாரிங் குறொஸ் வீதியிலிருந்த ‘பெற்றர் புக்ஸ்’ என்னும் கடையிலே, 1960 களின் நடுவிலே கவிஞர் பொப் கொபிங் முகாமையாளராக இருந்தார். 1965 இல் அமெரிக்கக் கவிஞர் அலன் ஜின்ஸ்பேர்க் அங்கே கவிதை வாசித்தார். அவ்வாசிப்பு எழுப்பிய உற்சாகத்தினால், அவ்வாண்டு ஜூன் 11 இல் ரோயல் அல்பேட் மண்டபத்திலே கவியரங்கு ஒன்று கூட, ஏறத்தாழ ஏழாயிரம் பேர் திரண்டனர். கடைக்குள் விழுந்த பொறி மண்டபத்திலே பெருந்தீயாயிற்று.

வணிகத் திரையரங்குகள் ஏற்காத சோதனைப் படங்களை அக்கடையிலே திரையிட்டுப் பார்த்தவர்கள், 1966 ஒக்ரோபர் 13 இல் ‘இலண்டன் திரைப்படக் கலைஞர் கூட்டுறவுச் சங்க’த்தை அங்கேயே நிறுவினர். ‘பீப்பிள் ஷோ’ என்னும் நாடகக் குழுவும் அவ்வாண்டிலே அக்கடையின் நிலவறையிற் பிறந்தது. கடை மறைந்தது, அதன் மடியிற் பிறந்தவை மறையவில்லை. திரைப்படச் சங்கத்தின் சேகரிப்பு ‘லக்ஸ்’ என்னும் அமைப்பின் பொறுப்பிலே இன்றும் பயன்படுகின்றது.

நூலே ஓவியமாதல்

இறுதியாக நியூ யோர்க். எட் ருஷே என்னும் ஓவியர் 1963 இல், நெடுஞ்சாலையோரத்து எண்ணெய் நிரப்பும் நிலையங்கள் இருபத்தாறின் படங்களைத் தொகுத்து, மலிவான சிறு நூலாக 400 பிரதிகள் வெளியிட்டார். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் அதனை ஏற்க மறுத்தது. ஏற்காமையையே விளம்பரமாக்கிப் பத்திரிகையில் வெளியிட்டார் அவர்! ஓவியக்கூடத்தார் இத்தகைய நூலைப் புத்தகம் என்றனர். புத்தகக் கடைக்காரர் இது ஓவியம் என்றனர். இரண்டுமாகிய இப்படைப்புகளுக்கு இடமளிக்கவே, ஓவியர் சொல் லெவிற், விமர்சகர் லூசி லிப்பாட் முதலியோர் 1976 இல் ‘பிரின்ரெட் மற்றர்’ என்னும் கடையை நிறுவினர். ஆயிரக்கணக்கான டொலர் கொடுத்து ஓவியம் வாங்க இயலாத மாணவரும், சில டொலருக்கு ஓவியரின் படைப்பொன்றை உரிமையாக்கலாம் என்பதே அவர்கள் நோக்கம். 2012 ஒக்ரோபரில் வந்த சூறாவளி வெள்ளம் அதன் நிலவறையிற் புகுந்து ஆயிரக்கணக்கான நூல்களை அழித்தது. ஆயினும் கடை நிலைத்தது. 2006 முதல் அது நடத்தி வரும் கலைநூற் சந்தை, பல நாட்டுச் சிறு பதிப்பாளர்கள் கூடுமிடமாக விளங்குகின்றது.

நாம் கொள்ளவேண்டிய பாடம்

இவ்வரலாறுகளை ஒருங்கே நோக்கின் ஒன்று புலனாகும். விழாக்கள் இக்கடைகளை வாழவைக்கவில்லை; வாசகரே வாழவைத்தனர். மொனியேயின் கடை, நூல்களை இரவல் பெற்றுப் படிக்கும் வாசகரை முதலிலே வளர்த்தது. படிப்பு முன்னே நின்றது. விழா அதன் பின்னே வந்தது. நம்மிடையே நூல் வெளியீட்டு விழாக்களுக்குக் குறைவில்லை. மங்கல விளக்கேற்றல் உண்டு. வாழ்த்துரை பல உண்டு. முதற்பிரதி வழங்கலும் சிறப்புப் பிரதி வழங்கலும் உண்டு. ஆயின் வீடு சென்றபின் அந்நூலைத் திறந்தோர் எத்தனை பேர்? அதிலிருந்து ஒரு பக்கமேனும் சபையிலே வாசிக்கப்பட்டதா? நூலாசிரியரை வாழ்த்தும் நாம் நூலை மறந்துவிடலாகாது.

இதற்குப் பெரும் பொருள் வேண்டியதில்லை. பாடசாலை நூலகத்திலே மாதம் ஒருமுறை இருபது மாணவர் கூடி, ஒருவர் வாசிக்க, ஒருவர் விளக்க, மற்றையோர் வினவலாம். ஊர் வாசிகசாலையில் நல்ல குறும்படம் ஒன்றைத் திரையிட்டு அதுபற்றிப் பேசலாம். பெற்றோர் பிள்ளைகளின் பிறந்தநாளிலே உடுப்போடு ஒரு நூலும் வாங்கிக் கொடுக்கலாம். மகளின் ஆசையை மதித்துத் தம் காயத்தின் விலையையே அளித்த அந்தத் தபால் ஊழியருக்கும், காசில்லாத இளைஞர் கையிலே நூலைக் கொடுத்தனுப்பிய அந்தப் பெண்மணிக்கும் நாம் செலுத்தத்தக்க நன்றி இதுவேயாகும்.